கொல்லைப்புறத்தில் ஒரு காமிரா

(இயற்கை மன்ற மாணவியர்)

வனவிலங்குப் புகைப்படம் என்றதும் நம்மில் பலருக்கு முதுமலை யானையும் வேடந்தாங்கல் நாரையுமே நினைவுக்கு வரும். அங்கெல்லாம் போக விடுமுறை வேண்டும், பணம் வேண்டும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வேண்டும் என்று எண்ணி, நமக்கும் அக்கலைக்கும் வெகுதூரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். எங்கள் மன்றத்தில் பதினொருவர் இருக்கிறோம். அவர்களுள் நால்வர் ஸ்ரீரங்கத்தில் கொல்லைப்புறமும் கிணறும் உள்ள பழைய வீடுகளில் வசிக்கிறார்கள். மற்றவர்கள் உறையூர், தில்லைநகர், கண்டோன்மெண்ட் பகுதிகளில் இருக்கிறோம். சிலருக்கு மொட்டைமாடியும் நான்கு தொட்டிச் செடிகளும்தான் தோட்டம். "உங்கள் வீட்டைத் தாண்டாமல், ஓராண்டுக் காலம் படம் எடுத்துப் பாருங்கள்" என்று எங்கள் மன்றத்தின் பொறுப்பாளரான சிஸ்டர் சென்ற ஆண்டு கூறினார்கள். அவ்வாறே செய்தோம். கற்றவற்றைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இடையில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

முன்னோர் காட்டிய வழி

பறவைகளை அவற்றின் இருப்பிடத்திலேயே படம் எடுக்கும் கலை ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வேரூன்றியது. ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-இல் ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். 1895-இல், பறவைக் கூடுகளைப் பற்றி, ஓவியங்களுக்குப் பதிலாக முழுவதும் புகைப்படங்களைக் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார்கள். அக்காலத்துக் காமிரா ஒரு சிறு பெட்டிக்குச் சமம். அதைத் தூக்கிக்கொண்டு பறவையை நெருங்க முடியுமா? அதற்காக அவர்கள் மாட்டுத் தோலால் ஒரு பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து படம் எடுத்தார்கள். மேயும் மாட்டைக் கண்டு பறவை அஞ்சாதன்றோ?

நம் தமிழகத்தில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன். இவர் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தாவரவியல் பயின்றவர். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996-இல் தாம் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கையைப் பற்றி ஒரு பகுதியை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்பது அவருடைய தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கனமான காமிராவை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளைப் படம் எடுத்த அதே மனிதர், சென்னையில் தம் வீட்டைச் சுற்றி வந்த காகம், அணில், பல்லி போன்றவற்றைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். அன்றாடம் காண்பதை அலட்சியம் செய்யலாகாது என்பதே அவரிடம் நாங்கள் கற்ற முதற்பாடம்.

நம் தோட்டத்துக்கு வருவோர் யாவர்?

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு. தென்னை, வாழை, வேம்பு, முருங்கை ஆகியவை இன்றும் கொல்லைகளில் உண்டு. ஆகையால் பறவைக்குப் பஞ்சமில்லை. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் பதிந்தவற்றுள் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறோம்.

செம்பருத்தி, இட்லிப்பூச் செடிகளை நாடித் தேன்சிட்டு வரும். ஆணுக்குத் தொண்டை ஊதாவாகவும் வயிறு மஞ்சளாகவும் மின்னும். பெண் பறவை எளிய நிறம். இது கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு எதிரியென்று எண்ணி ஓயாமல் கொத்தும். ஒரு மாணவியின் அண்ணன் ஸ்கூட்டரின் கண்ணாடிக்குப் பழைய காலுறையை மாட்டிவிட்ட பிறகே அந்தச் சண்டை ஓய்ந்தது.

தவிட்டுக்குருவிகள் எப்போதும் கூட்டமாகவே வரும். சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் இவற்றை 'ஏழு சகோதரிகள்' என்றும் அழைப்பர். இடைவேளை நேரத்தில் நம் வகுப்பறை வராந்தாவைக் கண்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

வெண்மார்பு மீன்கொத்தி கிணற்றடிக் கம்பியில் வந்து அமர்ந்தபோது, மீனில்லாத இடத்தில் இதற்கு என்ன வேலை என்று வியந்தோம். வெட்டுக்கிளியையும் சிறு ஓணானையும் அது பிடித்துத் தின்பதைப் படங்களே எங்களுக்குக் காட்டின. குயிலில் ஆண் கன்னங்கரேல் என்றும், பெண் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடும் இருக்கும். இரண்டையும் வேறு வேறு பறவை என்றே எங்களில் பலர் இதுவரை எண்ணியிருந்தோம்.

ஐப்பசியில் ஒரு விருந்தாளி வரக்கூடும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனம்பெருக்கிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் ஆறுமணிக் குருவி அது. பச்சை, நீலம், சிவப்பு, பழுப்பு எனப் பல வண்ணங்கள் உடையது. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. நீண்ட பயணத்தில் களைத்து, சில நேரம் நகரத்துத் தோட்டங்களிலும் இறங்கிவிடும். எங்களில் ஒருத்தியின் வீட்டில் வாழைமரத்தடியில் அதைக் கண்டோம். படம் எடுக்க நெருங்காமல் நாயை மட்டும் கட்டிப்போட்டோம். மறுநாள் அது போய்விட்டது. படம் இல்லை, குறிப்பு மட்டும் இருக்கிறது.

பறவைகளோடு அணில், ஓணான், அரணை, கீரி, தவளை, சிலந்தி, தட்டான், வண்ணத்துப்பூச்சி ஆகியவையும் நம் தோட்டத்துக் குடிகளே. அணில் நமக்கு நல்ல காவலாளியும் ஆகும். வாலை வெடுக்வெடுக்கென்று அசைத்து விடாமல் அது கத்தினால், பூனையோ வல்லூறோ அருகில் வந்திருக்கிறது என்று பொருள்.

பாட்டி கற்பித்த பாடம்

தொடக்கத்தில் எங்கள் படங்களில் பறவைகளின் வால் மட்டுமே விழுந்தது. நாங்கள் காமிராவைத் தூக்கியதும் எல்லாம் பறந்துவிடும். ஆனால் அதே வீட்டில் பாட்டி கிணற்றடியில் பாத்திரம் துலக்கும்போது, தவிட்டுக்குருவிகள் அவர் காலடியிலேயே சோற்றுப் பருக்கை பொறுக்கின. காரணம் கேட்டோம்.

"நீங்க அதுங்களையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நின்னா எப்படிம்மா வரும்? உங்க வேலையை நீங்க பாருங்க. அதுங்க வேலையை அதுங்க பார்க்கும்" என்றார் பாட்டி.

இதில் பெரிய உண்மை உள்ளது. தன்னையே உற்று நோக்கும் கண்களையும், தன்னை நோக்கி நேராக வரும் உருவத்தையும் பறவை ஆபத்தென்று அறிகிறது. பழகிய இடத்தில் பழகிய வேலை செய்பவரைப் பொருட்படுத்துவதில்லை. அன்று முதல் நாங்கள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே பலகையில் அமர்ந்து வீட்டுப்பாடம் செய்தோம். காமிரா பக்கத்தில் இருக்கும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் மைனா வந்தது. ஒரு மாதத்தில் நாங்களும் அத்தோட்டத்தின் தூண்களுள் ஒன்றாகிவிட்டோம். அமர இடமில்லாதோர் சமையலறைச் சன்னலின் திரைக்குப் பின்னிருந்து எடுக்கலாம். ஏணியின்மேல் பழைய புடைவையைப் போர்த்தி, அதில் லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை விட்டால் அதுவே நல்ல மறைவிடம். பொய் மாடு தேவையில்லை!

ஒளியும் நேரமும்

நம் திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் ஒளி உச்சியிலிருந்து விழுவதால் பறவையின் கண் நிழலில் மறைந்துவிடும். இறகின் நிறமும் வெளுத்துத் தோன்றும். சூரியன் எழுந்தது முதல் எட்டரை மணிவரையும், மாலை நாலரை மணிக்குப் பிறகும் ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். பறவைகள் இரை தேடுவதும் பெரும்பாலும் இவ்வேளைகளில்தான். நம் முதுகுப்புறமோ தோள்புறமோ சூரியன் இருக்கும்படி அமர்வது தொடக்கத்தில் எளிது.

அடுத்து, பின்புலத்தைக் கவனிக்க வேண்டும். பறவையின் தலையிலிருந்து கொடிக்கம்பி முளைத்தாற்போல் இருந்தால் படம் கெட்டது. இரண்டடி இடம் மாறி அமர்ந்தாலே, கம்பி மறைந்து தூரத்து வாழையிலை பச்சைத் திரைபோல அமையும். தரையில் மேயும் பறவையை நின்றபடி எடுத்தால் முதுகு மட்டுமே தெரியும். நாமும் தரையில் அமர்ந்து, அதன் கண் மட்டத்துக்குக் காமிராவைத் தாழ்த்தினால் அது நம்மை நோக்குவது போன்ற உயிர்ப்பு உண்டாகும். இறகு சற்றுத் தெளிவற்றிருந்தாலும் குற்றமில்லை. கண் தெளிவாக இருக்க வேண்டும்.

காமிராவின் கணக்கு

எங்களிடம் இருந்தவை, ஒரு மாணவியின் தந்தையார் தந்த 200 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள காமிரா ஒன்றும், பெற்றோரின் கைப்பேசிகளுமே. கருவியைப் பற்றி அறிய வேண்டியவை சிலவே.

முதலாவது, ஷட்டர் வேகம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பறவையோ நம் கையோ அசைந்தால் படம் குழம்பும். லென்ஸின் நீளம் 200 மில்லிமீட்டர் என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 வினாடியாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. இது கை நடுக்கத்துக்கு மட்டுமே ஈடு. தத்தித் திரியும் தேன்சிட்டுக்கு 1/1000 வினாடி தேவை. கை நடுங்காதிருக்க உமி நிரப்பித் தைத்த ஒரு துணிப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன்மேல் காமிராவைப் பதியவைத்தோம். செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒளியின் அளவு. காமிரா தன் முன் உள்ள எதையும் நடுத்தரமான சாம்பல் நிறமென்றே எண்ணி ஒளியை அளக்கிறது. ஆகவே படம் முழுவதையும் காகம் அடைத்திருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று ஒளியைக் கூட்டிவிடும். காகம் சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும். நாம் ஒளியைக் குறைக்க வேண்டும். வெள்ளைக் கொக்கு படத்தை நிறைத்து நின்றால் இதற்கு நேர்மாறாக, நாம் கூட்ட வேண்டும். ஆனால் கொக்கு சிறியதாகவும் சுற்றிலும் கரும்பச்சை இலைகளாகவும் இருந்தால், காமிரா இலைகளையே அளந்து கொக்கின் இறகு விவரமெல்லாம் வெண்மையில் கரைந்துபோகச் செய்யும். அப்போது குறைக்க வேண்டும். கைப்பேசியில் திரையில் பறவையின்மேல் விரலை வைத்தால் சிறு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தினால் ஒளி கூடும், குறையும்.

மூன்றாவது, கைப்பேசியின் எல்லை. அதில் தூரத்துப் பறவையை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் உருவம் புள்ளி புள்ளியாகச் சிதையும். ஆகவே கைப்பேசி வைத்திருப்போர் அருகில் வரும் உயிர்களை நாடுவதே நன்று. வண்ணத்துப்பூச்சி, ஓணான், சிலந்தி வலையில் பனித்துளி, மழைக்கால நத்தை ஆகியவற்றைப் பெரிய காமிராக்கு நிகராகவே கைப்பேசி எடுக்கும். லென்ஸை மென்மையான துணியால் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர். எங்கள் படங்களில் பாதி மங்கலாக இருந்தமைக்கு முறுக்கு தின்ற விரல்களே காரணம்!

தண்ணீரும் செடியும்

பறவைகளை வரவழைக்கத் தீனி தூவுவதைவிடத் தண்ணீர் வைப்பது சிறந்தது. பங்குனி, சித்திரை, வைகாசியில் அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, நடுவே ஒரு கல்லும் போட்டோம். சின்னானும் மைனாவும் குளிக்கும் அழகைக் காண மதியச் சோற்றையும் மறந்தோம். இதில் இரு எச்சரிக்கைகள் உண்டு. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும். ஆகவே அன்றாடம் தண்ணீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலும், சட்டியைப் புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கியிருந்து பாயும். சற்றே திறந்த இடத்தில் வைப்பது நலம்.

வண்ணத்துப்பூச்சி வேண்டுமா? கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள். அவற்றின் தளிரில் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி மஞ்சள் நிற முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். மூன்று நான்கு நாட்களில் புழு வெளிவரும். அது பறவையின் எச்சம் போன்ற தோற்றத்தோடு இருப்பதால் எதிரிகள் தின்பதில்லை. வளர்ந்தபின் பச்சை நிறமாகி இலையோடு இலையாகிவிடும். தொட்டால் தலையின் பின்னிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். பிறகு பட்டிழையால் தன்னைத் தண்டில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை சுமார் நான்கு வாரம். தில்லைநகரில் மாடி வீட்டில் வசிக்கும் ஒரு மாணவி ஒரே கறிவேப்பிலைத் தொட்டியில் இந்நிலைகள் அனைத்தையும் கைப்பேசியிலேயே எடுத்தாள். வரிசையாக ஒட்டிய அப்படங்கள் இப்போது எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு உதவுகின்றன. "இலையெல்லாம் போச்சே, ரசத்துக்கு என்ன பண்றது?" என்று அவள் தாயார் முதலில் வருந்தினார்களாம், இப்போது அவர்களே தினமும் புழுக்களை எண்ணுகிறார்கள்.

ஆடுதீண்டாப்பாளை என்ற கொடியை ஆடும் தின்னாது. அத்துணை நச்சுத் தன்மை உடையது. அதைத் தின்று வளரும் சிவப்புடல் வண்ணத்துப்பூச்சிகளின் உடலிலும் அந்த நச்சு தங்கிவிடுவதால் பறவைகள் அவற்றை விலக்கும். கறிவேப்பிலையில் வளரும் இன்னொரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பெண்களுள் பல, நச்சு ஏதும் இல்லாதிருந்தும் சிவப்புப் புள்ளிகளோடு அந்த நச்சுப்பூச்சிபோல் வேடம் தரித்துத் தப்பிக்கும். எது வேடம், எது உண்மை என்று அறிய எங்களுக்குப் படம் பெரிதும் உதவியது. உண்மையான நச்சுப்பூச்சியின் உடலும் சிவப்பாக இருக்கும். வேடதாரியின் உடல் கறுப்பு.

இவற்றையெல்லாம் ஒருசேரக் காண விரும்புவோர் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், மேலணை ஒதுக்குக் காட்டில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குச் செல்லலாம். சுமார் 25 ஏக்கர் பரப்பில், புழுக்களுக்கு உணவாகும் செடிகளையும் தேன் தரும் செடிகளையும் வளர்த்து, வண்ணத்துப்பூச்சிகள் தாமே வந்து பெருகும்படி வனத்துறை அமைத்துள்ளது. அங்கே செய்திருப்பதைச் சிறிய அளவில் நம் கொல்லையிலும் செய்யலாம்.

நாங்கள் செய்த தவறு

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றின் கொல்லையில் பாதாம் கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருப்பதைக் கண்டோம். இச்சிறு பறவை தன் அலகையே ஊசியாகக் கொண்டு இலையின் ஓரங்களில் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பை போலாக்கி, அதனுள் மெத்தென்ற கூடமைக்கும். உள்ளே மூன்று குஞ்சுகள். மேலே மற்றோர் அகன்ற இலை குடைபோல் கவிந்து அதை மறைத்திருந்தது.

அந்த இலை எங்கள் படத்துக்கு இடையூறாக இருந்தது. நாங்கள் மூவர் சென்றிருந்தோம். ஒருத்தி கொடியிலிருந்து துணி மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்து, அந்தக் குடை இலையைப் பின்னுக்கு இழுத்துக் கிளையோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். கூட்டினுள் வெளிச்சம் நன்றாக விழுந்தது. தாய்ப்பறவை அடுத்த கிளையில் இடைவிடாமல் கத்திற்று. எங்களுக்குக் காமிராவின் ஓசை மட்டுமே கேட்டது. மூன்று குஞ்சுகளும் மஞ்சள் வாயைத் திறந்திருக்கும் படம் அற்புதமாக விழுந்தது. அன்று சனிக்கிழமை.

திங்கட்கிழமை அப்படத்தைப் பெருமையோடு சிஸ்டரிடம் காட்டினோம். அவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, "குஞ்சுகள் நலமாக இருக்கின்றனவா?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. படம் எடுத்த பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஓடினோம். கிளிப் அப்படியே இலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டிருந்தோம். கூடு வெறுமையாக இருந்தது. ஓரத்தில் தையல் கிழிந்து தொங்கியது. காகம் கொண்டுபோயிற்று என்று பாட்டி சொன்னார். ஞாயிறு காலையே அந்தச் சிட்டு கத்திக் கதறியதாம். இலை மூடியிருந்தவரை காகத்தின் கண்ணுக்குத் தெரியாத கூட்டை, நாங்கள்தாம் திறந்துகாட்டிவிட்டோம்.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மன்றத்தின் ஆல்பத்தில் அப்படத்தை ஒட்டச் சொல்லி, அதன் கீழே நடந்ததை எங்கள் கையாலேயே எழுதச் சொன்னார்கள். எங்கள் படங்களிலெல்லாம் மிகத் தெளிவான படம் அதுதான். ஆயினும் பள்ளிக் கண்காட்சிக்கு அதை நாங்கள் அனுப்பவில்லை.

எங்கள் விதிகள்

அதன் பிறகு நாங்களே வகுத்துக்கொண்ட விதிகள் இவை:

1. கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றை நெருங்கிப் படம் எடுப்பதில்லை. கூட்டுப் படங்களைப் பல புகைப்படப் போட்டிகளிலும் இப்போது ஏற்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளில் அடங்கும் என்று அறிந்தபோது திடுக்கிட்டோம்.

2. இலை, கிளை, கல் எதையும் படத்துக்காக நகர்த்துவதில்லை.

3. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து ஏமாற்றி அழைப்பதில்லை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்தான் என்று எண்ணி, அது இரை தேடுவதையும் விட்டு அலையும்.

4. இரவில் ஆந்தையின் முகத்தில் பிளாஷ் அடிப்பதில்லை. ஆந்தையின் கூட்டை நெருங்குவது நமக்கும் ஆபத்து. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே அதன் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார்.

5. பறவை இரையுண்பதை நிறுத்தினாலோ, கழுத்தை நீட்டி விறைத்து நின்றாலோ, ஓயாமல் கத்தினாலோ, "போதும்" என்று நம்மிடம் சொல்கிறது. உடனே பின்வாங்க வேண்டும்.

6. ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், இடம், பறவை செய்த செயல் ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். படம் எடுத்த பிறகு அந்த உயிர் என்ன ஆயிற்று என்பதையும் எழுத வேண்டும்.

குறிப்பின் பயன்

இக்குறிப்புகள் நமக்கு மட்டுமன்றி ஆராய்ச்சியாளருக்கும் பயன்படும். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியரும் பங்கு பெறுகின்றனர். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடைபெறுகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும், அவ்வளவே. கரும்பு கடித்துக்கொண்டே மொட்டைமாடியிலிருந்து எண்ணலாம். பெயர் தெரியாத பறவைக்குப் படமே சாட்சியாகும்.

முடிவாக

இவ்வாண்டு ஆகஸ்டில் அதே கொல்லையில், இம்முறை அத்திக் கன்றில், தையல்சிட்டு மீண்டும் கூடு கட்டியது. அதே பறவைதானா என்று எங்களால் சொல்ல இயலாது. பாட்டி அந்தப் பக்கத்துக் கொடியில் துணி காயப்போடுவதையே நிறுத்திவிட்டார். நாங்கள் சமையலறைச் சன்னலைவிட்டு நகரவில்லை. இலைகளுக்கு நடுவே ஒரு வால் உள்ளே போவதும் வெளியே வருவதும் மட்டுமே தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, மதில்மேல் மூன்று சிறு உருண்டைகள் தத்தித் தத்திப் போயின. தாய் முன்னே பறந்து அழைத்தது. அவசரத்தில் எடுத்த படத்தில் இரண்டு குஞ்சுகளே விழுந்தன. அவையும் மங்கலாகவே இருக்கின்றன.

அப்படத்தைத்தான் இவ்வாண்டுக் கண்காட்சியில் வைத்தோம். பார்த்தவர்களில் பலர், "இதில் என்னம்மா தெரிகிறது?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொன்னோம்.

சகோதரிகளே, நாளைக் காலை பள்ளிக்குப் புறப்படுமுன் பத்து நிமிடம் உங்கள் கொல்லையிலோ மாடியிலோ அமைதியாக அமருங்கள். காமிரா இல்லாவிடினும் குற்றமில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். யார் யார் வந்தார்கள் என்று எழுதி எங்கள் மன்றத்துக்குக் கொடுங்கள். ஆல்பத்தில் இன்னும் பல பக்கங்கள் காலியாக உள்ளன.